அதிரடி வீரனுக்கு ஐந்து கணக்கு!

குட்டீஸ், பெரம்பலூரில் இருந்து ஆத்தூர் போகும் சாலையில் பஸ்ஸில் போயிருக்கிறீர்களா? வழியில் வேப்பந்தட்டை என்று ஓர் ஊர் வரும். கரிசல் மண் பூமி. வானம் பார்த்து விதைத்துப் பருத்தியும் மக்காச்சோளமும் எடுக்கிற ஊர். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பருத்தி ஆராய்ச்சி நிலையம் ஒன்று இங்கேதான் இருக்கிறது.

இந்த ஊர் விவசாயி யாரையாவது கேட்டுப் பாருங்கள். 'நல்ல விதை வாங்கிட்டேன், இனிமே கவலையே இல்லை' என்று சொல்லவே மாட்டார். விதை நன்றாக இருக்க வேண்டும். மழை பெய்ய வேண்டும். உரம் வைக்க வேண்டும். களை எடுக்க வேண்டும். பூச்சி வராமல் பார்க்க வேண்டும். இதில் ஒன்று காலை வாரினாலும் மற்றதெல்லாம் வீண்தான்!

'செல்போன் விளையாட்டைப் பற்றிச் சொல்லப் போறீங்கன்னு பார்த்தா, பருத்தியைப் பற்றிச் சொல்றீங்களே' என்கிறீர்களா? விஷயம் இருக்கிறது. செல்போனில் ஒரு சண்டை வீரனைத் தயார் செய்வதும் பருத்தி விளைவிப்பது மாதிரிதான். விலை உயர்ந்த வீரன் கிடைத்தால் போதும் என்று நினைப்பவர்கள் தோற்கிறார்கள். கணக்குப் போடுபவர்கள் ஜெயிக்கிறார்கள்!

தாயமும் பெட்டிக்கடைச் சீட்டும்

தாயம் ஆடியிருப்பீர்கள். நீங்கள் உருட்டி முடித்தால்தான் அடுத்தவர் உருட்டலாம். ஆடு புலி ஆட்டத்திலும் அப்படித்தான். 3 புலி, 15 ஆடு. ஆளுக்கு ஒரு முறை. வேகமாக விரலை ஆட்டுவதால் பயன் இல்லை. யோசித்து நகர்த்த வேண்டும். செல்போனிலும் இப்படி முறை வைத்து ஆடும் சண்டை விளையாட்டுகள் உண்டு.

இவற்றில் பலவற்றை 'கச்சா' விளையாட்டு என்பார்கள். ஜப்பானில் காசு போட்டுக் கைப்பிடியைத் திருகினால், ஒரு பிளாஸ்டிக் உருண்டை விழும் இயந்திரங்கள் உண்டு. உள்ளே என்ன பொம்மை இருக்கும் என்று முன்கூட்டியே தெரியாது. 1965ல் இருந்து அங்கே பிரபலம். திருகும்போது 'கச்சா', விழும்போது 'பொன்' என்று சத்தம் வருமாம். அதனால் 'கச்சாபொன்' என்று பெயர் வைத்தார்கள்.

நம் ஊர்ப் பெட்டிக்கடையில் ஓர் அட்டை தொங்குமே, காசு கொடுத்துச் சீட்டைக் கிழித்தால் பரிசு விழுந்தாலும் விழும், விழாமலும் போகும்... அதேதான்! செல்போனில் பொம்மைக்குப் பதில் வீரன் வருவான்.

உதாரணத்துக்கு 'ஹோன்காய் ஸ்டார் ரெயில்' என்ற விளையாட்டை எடுத்துக்கொள்வோம். சீனாவின் ஷாங்காய் நகரத்தைச் சேர்ந்த மிஹோயோ நிறுவனம் செய்தது. 2023 ஏப்ரல் 26ல் வெளிவந்தது. இதில் 'டான் ஹெங்' என்ற ஈட்டி வீரன் இருக்கிறான். கதையின் தொடக்கத்திலேயே இலவசமாகச் சேர்ந்துவிடுவான். அவனையே அதிரடி வீரனாக்கிப் பார்ப்போமா?

கணக்கு 1: யாருக்கு என்ன வேலை?

ஓர் அணியில் நான்கு பேர். நால்வருமே அடிதடி ஆட்களாக இருந்தால் சீக்கிரம் தோற்றுவிடுவீர்கள். கிரிக்கெட் அணியில் பதினொரு பேரும் பேட்ஸ்மேனாக இருந்தால் பந்து யார் போடுவது? ஒருவர் அடிக்க, ஒருவர் காயத்தை ஆற்ற, மற்றவர்கள் பலம் கூட்டவோ, எதிரியைப் பலவீனப்படுத்தவோ வேண்டும்.

ஒரே எதிரியைக் குறிவைத்து அடிப்பது டான் ஹெங்கின் திறமை. அவனுடைய சக்தி காற்று. எதிரியின் தலைக்கு மேலே, அவனுக்கு எந்தெந்தச் சக்தி ஆகாது என்று படம் போட்டிருக்கும். அங்கே காற்று இருந்தால் டான் ஹெங்கை இறக்குங்கள். எதிரியின் கவசம் உடையும். அவன் முறையும் தள்ளிப்போகும்.

இன்னொன்று: சிறப்பு அடிக்குத் தேவையான புள்ளிகள் நால்வருக்கும் பொது. சாதாரண அடி அடித்தால் ஒரு புள்ளி சேரும். சிறப்பு அடி அடித்தால் ஒரு புள்ளி போகும். வழக்கமாக ஐந்துக்கு மேல் சேர்க்க முடியாது. வீட்டில் இருக்கும் ஒரே உண்டியல் மாதிரி! அதிரடி வீரன் செலவு செய்ய வேண்டுமானால், மற்றவர்கள் சேமித்தே ஆக வேண்டும்.

கணக்கு 2: சதவீதம் சொல்லும் ரகசியம்

வீரன் அடிக்கும்போது சில சமயம் அடி பலமாக விழும். அதற்கு 'கிரிட்' என்று பெயர். நூறு அடியில் எத்தனை அடி அப்படி விழும் என்பது 'கிரிட் ரேட்'. விழும்போது எவ்வளவு கூடுதலாக விழும் என்பது 'கிரிட் டேமேஜ்'. ஆரம்பத்தில் எல்லாருக்கும் ரேட் 5 சதவீதம், டேமேஜ் 50 சதவீதம்.

உங்களிடம் 100 புள்ளி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு புள்ளி கொடுத்தால் ரேட் 1 கூடும். அல்லது டேமேஜ் 2 கூடும். எதில் போடுவீர்கள்?

'டேமேஜ்தான் இரண்டு கூடுகிறதே' என்று நூறையும் அதிலேயே போட்டால், ரேட் 5, டேமேஜ் 250. நூறு அடியில் 95 அடி சாதாரணம்தான்! 100 பலமுள்ள அடி, சராசரியாக 112.5 ஆகும்.

ரேட்டை 100 ஆக்கிவிட்டு மிச்சம் 5 புள்ளியை டேமேஜுக்குக் கொடுத்தால், டேமேஜ் 60. சராசரி 160.

ரேட் 65, டேமேஜ் 130 என்று பிரித்தால்? சராசரி 184.5!

பார்த்தீர்களா? ரேட் ஒரு பங்கு என்றால் டேமேஜ் இரண்டு பங்கு. இதுதான் ரகசியம். நீங்களே நோட்டில் போட்டுப் பாருங்கள். ரேட்டையும் டேமேஜையும் தசமத்தில் எழுதிப் பெருக்கி, ஒன்றைக் கூட்டி, நூறால் பெருக்கினால் சராசரி வந்துவிடும்.

கணக்கு 3: பத்தாயிரம் மீட்டர் ஓட்டம்

யாருடைய முறை முதலில் வரும்? ஒவ்வொருவரும் 10,000 மீட்டர் ஓடுவதாகக் கற்பனை செய்யுங்கள். எல்லையைத் தொட்டவருக்கு முறை. தொட்டதும் மறுபடி தொடக்கத்தில் இருந்து ஓட வேண்டும். 10,000ஐ வேகத்தால் வகுத்தால், ஒரு முறைக்கு ஆகும் நேரம் தெரியும்.

கடினமான சவால்களில் முதல் சுற்றின் நீளம் 150. டான் ஹெங்கின் சொந்த வேகம் 110. 10,000ஐ 110ஆல் வகுத்தால் சுமார் 91. இரண்டு முறை என்றால் 182. முதல் சுற்றுக்குள் ஒரே ஒரு முறைதான் அடிப்பான்.

இப்போது அவன் காலுக்கு வேகம் கூட்டும் காலணி போடுங்கள். முழுதாக மேம்படுத்தினால் 25 கூடும். வேகம் 135 ஆகிவிட்டது. 10,000ஐ 135ஆல் வகுத்தால் சுமார் 74. இரண்டு முறைக்கு 148. சுற்று முடிவதற்குள் இரண்டாவது அடி விழுந்துவிடும். ஒரு காலணி, இரண்டு அடி!

கணக்கு 4: வேலி போடத் தெரியுமா?

20 மீட்டர் கயிற்றால் நான்கு பக்கமும் வேலி போட்டு ஒரு பாத்தி கட்ட வேண்டும். நீளம் 9, அகலம் 1 என்றால் பரப்பு 9 சதுர மீட்டர். 8, 2 என்றால் 16. இரண்டும் 5 என்றால் 25! கயிறு அதேதான்; பாத்திதான் பெரிதாகிவிட்டது.

வீரனின் பலமும் இப்படித்தான். தாக்கும் பலம் என்பது ஒரு பக்கம். காற்றுச் சக்தி என்பது இன்னொரு பக்கம். இரண்டும் பெருக்கப்படும்.

வீரர்களுக்கு 'ரெலிக்' என்ற அணிகலன்கள் ஆறு பூட்டலாம்: தலை, கை, உடல், கால், ஓர் உருண்டை, ஒரு கயிறு. கயிற்றில் தாக்கும் பலம் 43.2 சதவீதம் கிடைக்கும். உருண்டையில் தாக்கும் பலம் 43.2 சதவீதமோ, காற்றுச் சக்தி 38.8 சதவீதமோ கிடைக்கும். எது வேண்டும்?

'43தானே பெரிசு!' என்று அவசரப்படாதீர்கள். இரண்டிலும் தாக்கும் பலம் போட்டால் 86.4 சதவீதம். 1,000 அடி 1,864 ஆகும். கயிற்றில் தாக்கும் பலமும் உருண்டையில் காற்றும் போட்டால், 1.432ஐ 1.388ஆல் பெருக்க வேண்டும். 1,000 அடி 1,987 ஆகிவிடும். சின்ன எண் பெரிய எண்ணை ஜெயித்துவிட்டது! விதைக்கே எல்லாக் காசையும் கொட்டாமல், களைக்கும் கொஞ்சம் வைக்கிறாரே விவசாயி, அந்த அறிவுதான் இது.

உடலுக்கான ரெலிக்கில் கிரிட் ரேட் அல்லது கிரிட் டேமேஜ் தேடுங்கள். எது குறைவாக இருக்கிறதோ அது. ஒரு ரெலிக்கை 15 படி வரை உயர்த்தலாம். மூன்று படிக்கு ஒருமுறை ஏதாவது ஒரு துணை எண் கூடும். எது கூடும் என்பது அதிர்ஷ்டம். ஆகவே 3 படி, 6 படி உயர்த்திப் பாருங்கள். வேண்டாத எண்ணே கூடிக்கொண்டிருந்தால் நிறுத்திவிடுங்கள். முளைக்காத விதைக்கு யாராவது உரம் வைப்பார்களா?

இன்னொரு நல்ல செய்தி. ரெலிக் தேடப் போகும் சக்தி 6 நிமிடத்துக்கு ஒன்றுதான் ஊறும். ஒரு நாளைக்கு 240. ஒரு தேடலுக்கு 40 செலவாகும். ஆக, நாளைக்கு ஆறு தேடல்தான். நாள் முழுக்கப் போனைக் கையில் வைத்திருந்தாலும் சக்தி வேகமாக ஊறாது. ஆகவே ஆறு தேடலை முடித்துவிட்டுப் புத்தகத்தை எடுக்கலாம், தெருவில் ஆடப் போகலாம்!

கணக்கு 5: சீட்டுக் கணக்கு

கடைசிக் கணக்குதான் முக்கியம். நான்கு கணக்கும் தெரிந்தவர்கள்கூட இதில் ஏமாந்துவிடுகிறார்கள்.

அரிய வீரன் வேண்டும் என்றால் சீட்டு எடுக்க வேண்டும். ஒரு சீட்டுக்கு விளையாட்டுக்குள் கிடைக்கும் 160 மணிகள். ஐந்து நட்சத்திர வீரன் வர, ஒரு சீட்டுக்கு அடிப்படை வாய்ப்பு 0.6 சதவீதம். அதாவது 1,000 சீட்டில் 6. இந்தக் கணக்குப்படி பத்துச் சீட்டு எடுத்தாலும், நூறு பேரில் 94 பேருக்கு வராது!

90 சீட்டுக்குள் ஐந்து நட்சத்திர வீரன் ஒருவன் நிச்சயம் வருவான். ஆனால் நீங்கள் கேட்ட வீரனே வருவானா? பாதி வாய்ப்புதான். முதலில் வேறு ஆள் வந்துவிட்டால், அடுத்த முறை நிச்சயம். மோசமான நிலையில் 180 சீட்டு ஆகலாம். 180ஐ 160ஆல் பெருக்குங்கள். 28,800 மணிகள்!

விளையாடிச் சேர்த்தால் காசு செலவில்லை, பொறுமைதான் செலவு. பொறுமை இல்லாதவர்களுக்காகத்தான் 'காசு கொடுத்து வாங்கு' என்ற பொத்தான் இருக்கிறது. 'இன்னும் மூன்று நாள்தான் இந்த வீரன்' என்று அவசரப்படுத்துவதும் அதற்காகவே.

அந்தக் காசு யாருடையது? வேப்பந்தட்டைப் பக்கம் ஓர் அம்மா காலையில் வெயில் ஏறும் முன் காட்டுக்குப் போய், குனிந்து குனிந்து பருத்தி எடுத்தால்தான் அன்றைய கூலி. அந்தக் கூலியும் இப்போது போனுக்குள்தான் இருக்கிறது. ரகசிய எண் உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். ஒரு தட்டில் ஒரு நாள் உழைப்பு போய்விடும். பதிலுக்கு வருவது, பெரும்பாலும், ஏற்கெனவே உங்களிடம் இருக்கும் ஏதோ ஒரு மூன்று நட்சத்திரப் பொருள்தான்!

பெரியவர்களும் இதில் ஏமாந்தவர்கள்தான். அதனால்தான் தமிழ்நாட்டில் 2003ல் லாட்டரிச் சீட்டுக்குத் தடை போட்டார்கள். 2012ல் ஜப்பான் அரசு, சீட்டில் வரும் பொருள்களை முழு செட்டாகச் சேர்த்தால்தான் பெரிய பரிசு என்ற வகைக் கச்சாவை நிறுத்தச் சொன்னது. 2017ல் சீனா, சீட்டுக்கு எத்தனை வாய்ப்பு என்பதை வெளியிட்டே ஆக வேண்டும் என்றது. ஆகவே வாய்ப்புக் கணக்கு விளையாட்டுக்குள்ளேயே எழுதியிருக்கும். படித்துப் பார்ப்பவர்கள்தான் குறைவு. நீங்கள் படியுங்கள்!

மறக்காதீர்கள்!

* எந்த விளையாட்டுக்கும் வயது வரம்பு உண்டு. பதிவிறக்கும் பக்கத்திலேயே இருக்கும். உங்கள் வயது போதாது என்றால் காத்திருங்கள்.

* போனில் எதையும் வாங்குவதற்கு முன் கடவுச்சொல் கேட்கும்படி அமைக்க, அப்பா அம்மாவிடம் சொல்லுங்கள்.

* 'இலவச மணிகள் தருகிறோம், இந்த இணைப்பைத் தொடு' என்று வந்தால் தொடவே தொடாதீர்கள். உங்கள் கணக்கையும் காசையும் பறிக்கும் வலை அது. பணம் போய்விட்டால், பெரியவர்கள் உடனே 1930 என்ற எண்ணை அழைக்கலாம்.

* தெரியாமல் காசு செலவழித்துவிட்டீர்களா? திட்டு விழும் என்று மறைக்காதீர்கள். அன்றைக்கே வீட்டில் சொல்லிவிடுங்கள். சீக்கிரம் சொன்னால் திரும்ப வாங்க வழி இருக்கலாம்.

சரி குட்டீஸ், இலவசமாக வந்த டான் ஹெங் இப்போது எப்படி இருக்கிறான்? அவனுக்கேற்ற எதிரி, சரியாகப் பிரித்த கிரிட், காலில் வேகம், இரண்டு பக்கமும் சமமாக வளர்ந்த பலம். நயா பைசா செலவில்லை. இதில் வேலை செய்தது எல்லாம் ஐந்தாம் வகுப்புப் பெருக்கலும் வகுத்தலும் சதவீதமும்தான். 'கணக்கு எதுக்குப் படிக்கணும்?' என்று இனிமேல் கேட்பீர்களா?

போகும் முன் உங்களுக்கு ஒரு புதிர். ஒரு வீரனின் சொந்த வேகம் 98. அவனுக்கும் 25 கூட்டும் காலணி போட்டுவிட்டோம். முதல் சுற்றான 150க்குள் அவனுக்கு இரண்டு முறை வருமா? வராவிட்டால் இன்னும் எவ்வளவு வேகம் வேண்டும்? நோட்டை எடுங்கள், பார்க்கலாம்!

விடை: வராது. வேகம் 123, ஒரு முறைக்கு 81.3, இரண்டு முறைக்கு 162.6 ஆகிவிடும். முழு எண்ணில் குறைந்தது 134 வேகம் வேண்டும். ஆகவே இன்னும் 11 தேவை.