தபாலில் வந்த வீடும் தொலைந்த கணக்கும்

அரிசி, பருப்பு, புளி என்று மூட்டை மூட்டையாக விற்கும் நமக்கு ஒரு கேள்வி. ஒரு முழு வீட்டையே விலைப்பட்டியலில் போட்டுத் தபால் மூலம் விற்க முடியுமா? முடியும் என்று செய்து காட்டினார்கள் அமெரிக்க வியாபாரிகள். அந்த வீடுகளில் பல இன்றும் நிற்கின்றன. ஆனால் எது அப்படி வந்த வீடு என்று கண்டுபிடிப்பதுதான் இப்போது பெரும்பாடு. அதற்கான காரணம் நாம் ஒவ்வொருவரும் யோசிக்க வேண்டிய ஒன்று.

சிகாகோ நகரின் சியர்ஸ் ரோபக் கம்பெனி பலவகைச் சாமான்களைத் தபாலில் விற்று வளர்ந்தது. 1906-ல் அதன் கட்டடச் சாமான் பிரிவில் லாபம் இல்லை. சரக்கு கிட்டங்கியில் தேங்கிக் கிடந்தது. பொறுப்பேற்ற ஃபிராங்க் குஷெல் என்ற அதிகாரி, மரம், கதவு, ஜன்னல் என்று தனித்தனியே விற்பதை விட, ஒரு வீட்டுக்கு வேண்டியதை எல்லாம் சேர்த்து ஒரே ஆர்டராக விற்கலாம் என்றார். 1908-ல் வீடுகளுக்கென்றே தனி விலைப்பட்டியல் வெளிவந்தது. 1940-ல் கடைசிப் பட்டியல் வந்தது. இடைப்பட்ட காலத்தில் 70,000 முதல் 75,000 வீடுகள் விற்றிருக்கும் என்பது மதிப்பீடு.

சரக்கு ரயில் பெட்டியில் வந்து சேரும். அளவாக அறுத்த மரம், கதவு, ஜன்னல், ஆணி, பெயிண்ட் எல்லாம் அதில் இருக்கும். செங்கல்லையும் சிமெண்டையும் மட்டும் உள்ளூரில் வாங்கிக்கொள்ள வேண்டும். மிச்சிகன் மாநிலம் பே சிட்டியில் 1906-ல் தொடங்கிய அலாதீன் கம்பெனியும் இதே வியாபாரத்தில் இருந்தது. எங்கள் பலகையில் ஒரு கணு காட்டினால் ஒரு டாலர் தருகிறோம் என்று அவர்கள் விளம்பரம் செய்தார்கள். சரக்கின் மேல் எவ்வளவு நம்பிக்கை பாருங்கள்!

இன்று அந்த வீட்டில் குடியிருப்பவருக்கு, தம் வீடு சியர்ஸ் வீடுதானா என்று தெரிந்துகொள்ள ஆசை. கம்பெனிக்கு எழுதிக் கேட்க வழியில்லை. வீடு விற்ற கணக்குகளைக் கம்பெனி வைத்திருக்கவில்லை. ஆகவே வீட்டையே சோதிக்கிறார்கள். முதலில் கட்டிய வருடம் பார்க்க வேண்டும். 1908-க்கு முந்தியது என்றால் அது சியர்ஸ் வீடு அல்ல. பிறகு டார்ச் விளக்குடன் நிலவறைக்கும் பரணுக்கும் போய், விட்டத்திலும் கைமரத்திலும் எழுத்தும் எண்ணுமாக முத்திரை இருக்கிறதா என்று தேடுகிறார்கள். எந்த மரம் எங்கே பொருந்தும் என்று தச்சருக்குக் காட்டப் போட்ட அடையாளம் அது. ஆரம்ப வருடங்களில் மரம் அறுக்காமலே போனதால், அந்த வீடுகளில் இந்த முத்திரை இருக்காது. கதவுச் சட்டத்தின் பின்புறம் ஒட்டிய அனுப்புச் சீட்டு சில வீடுகளில் கிடைக்கிறது. அறைகளின் நீள அகலத்தைப் பழைய பட்டியலோடு ஒப்பிடுகிறார்கள்.

முகப்பு ஒத்திருக்கிறது என்பது மட்டும் போதாது. அந்தக் காலத்தில் ஒரே சாயலில் பல கம்பெனிகள் வீடு விற்றன. சியர்ஸ் குழாயும் தொட்டியும் தனியாகவும் விற்றதால், அவற்றில் உள்ள முத்திரையும் சாட்சி ஆகாது. சியர்ஸ் வீடு என்று நம்பியிருந்த பலருக்கு, தேடிப் பார்த்த பின் ஏமாற்றமே மிஞ்சியிருக்கிறது.

உறுதியான சாட்சி வேறிடத்தில் இருக்கிறது. 1911 முதல் சியர்ஸ் வீட்டுக்குக் கடனும் கொடுத்தது. வழக்கமான வட்டி 6 சதவீதம். 1929-க்குப் பின் வந்த பெரும் மந்தத்தில் தவணைகள் நின்றன. தன் வாடிக்கைக்காரரின் வீட்டையே கம்பெனி பறிமுதல் செய்ய வேண்டி வந்தது. கெட்ட பெயரும் நஷ்டமும் சேர, 1934-ல் கடன் கொடுப்பதை நிறுத்தியது. ஆனால் அந்த அடமானப் பத்திரங்கள் அரசு பதிவு அலுவலகங்களில் பதிவாகி இருந்தன. விற்றவர் கணக்கு போய்விட்டது. கடன் கணக்கு அரசிடம் தங்கிவிட்டது. இன்று ஆராய்ச்சியாளர்கள் அந்தப் பதிவேடுகளைப் புரட்டித்தான் சியர்ஸ் வீடுகளை உறுதி செய்கிறார்கள்.

அலாதீன் கதை வேறு. 1981-ல் அந்தக் கம்பெனி மூடியது. அதன் விற்பனைக் கணக்குகள் மத்திய மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கிளார்க் நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. தம் வீடு அலாதீன் வீடா என்று பார்க்க விரும்புகிறவருக்கு அங்கே ஆதாரம் இருக்கிறது. இரண்டில் சியர்ஸ்தான் பெரிய கம்பெனி. ஆனால் வீட்டுக் கணக்கு நிலைத்தது அலாதீனிடம்.

இதை நான் எழுதக் காரணம் உண்டு. கிட்டங்கி மாற்றியபோது என் தந்தை காலத்துப் பேரேடுகளை எடைக்குப் போட்டவன் நான். கிடைத்த பணம் அன்றைய கூலியாட்களின் டீச் செலவுக்குச் சரியாகப் போயிற்று. எங்கள் கடை எந்தெந்த ஊருக்குச் சரக்கு அனுப்பியது, யாருக்குக் கடன் கொடுத்துக் கைதூக்கிவிட்டது, பஞ்ச காலத்தில் என்ன விலைக்கு விற்றது என்று பேரன் கேட்டால், என் ஞாபகத்தைத் தவிர வேறு ஆதாரம் இல்லை.

வணிக நண்பர்களே! எல்லாச் சிட்டையையும் காக்க வேண்டும் என்று சொல்லவில்லை. பழைய காகிதக்காரரைக் கூப்பிடும் முன், ஒரு பேரேடு, ஒரு விலைப்பட்டியல், ஒரு பில் புத்தகம் மட்டுமாவது எடுத்து வையுங்கள். வீட்டில் இடமில்லை என்றால் சங்க அலுவலகத்தில் கொடுங்கள். நாம் நாணயமாக வியாபாரம் செய்தோம் என்று நாளைக்குச் சொல்ல, நம் கையெழுத்தை விட நல்ல சாட்சி எது?