நிற்காமல் போவதற்கு ஒரு விலை

காஞ்சிபுரத்தை ஒட்டிய சிற்றூர் முசரவாக்கம். சென்னை–பெங்களூரு தேசிய நெடுஞ்சாலை அதன் பக்கத்திலேயே ஓடுகிறது. கிழக்கே சென்னைக்குக் கிளம்பினால் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் நெமிலியில் ஒரு சுங்கச்சாவடி. மேற்கே வேலூருக்குப் போனால் வாலாஜாபேட்டை அருகே சென்னசமுத்திரத்தில் இன்னொன்று. நெமிலியைத் தொடாமலும் சென்னைக்குப் போகலாம். காஞ்சிபுரம் ஊருக்குள் புகுந்து, வாலாஜாபாத், ஒரகடம், படப்பை என்று தாம்பரம் போய்ச் சேரலாம். அப்படியிருக்க, காசு கொடுத்து நெடுஞ்சாலையில் போவது கட்டுப்படியாகுமா?

குடும்பத்தோடு காரில் போகிறவர் முதல் பட்டுப்புடவைக் கட்டுகளை ஏற்றிக்கொண்டு தி.நகருக்குக் கிளம்பும் குட்டி யானை ஓட்டுநர் வரை எல்லோரும் கேட்கும் கேள்வி இது. விடை சொல்வதற்கு முன், அந்தச் சாவடியில் நாம் எதை விலைக்கு வாங்குகிறோம் என்று தெரிய வேண்டும். வேகத்தை வாங்குகிறோம் என்றுதான் பலரும் நினைக்கிறோம். கணக்குப் போட்டுப் பார்த்தால் வேறு விடை வருகிறது.

மிச்சமாகும் நேரம் எங்கே இருக்கிறது?

60 கிலோமீட்டர் பயணம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் போனால் 120 நிமிடம். வேகத்தை 40 ஆக்கினால் 90 நிமிடம். பத்து கிலோமீட்டர் வேகம் கூடியதில் அரை மணி நேரம் மிச்சம். இப்போது 80-ல் போகிறவர் அதே பத்தைக் கூட்டி 90-ல் போகட்டும். 45 நிமிடப் பயணம் 40 நிமிடமாகும். மிச்சம் ஐந்தே நிமிடம்.

ஏற்கெனவே வேகமாகப் போகிறவர் இன்னும் விரட்டினால் கிடைக்கும் லாபம் மிகக் குறைவு. மெதுவாக ஊர்கிறவர் கொஞ்சம் வேகம் பிடித்தாலே லாபம் கொட்டுகிறது. நம் மனம் இதைத் தலைகீழாகத்தான் மதிப்பிடுகிறது. உயர்ந்த வேகத்தில் மிச்சமாகும் நேரத்தை மிகைப்படுத்தியும், குறைந்த வேகத்தில் மிச்சமாவதைக் குறைத்தும் நினைக்கிறோம் என்பதை ஓலா ஸ்வென்சன் என்ற ஸ்வீடன் நாட்டு உளவியலாளர் 1970-களிலிருந்தே ஆய்வு செய்து காட்டியிருக்கிறார்.

அதே 60 கிலோமீட்டரில் 5 கிலோமீட்டர் மட்டும் நெரிசல் என்று வைத்துக்கொள்வோம். அங்கே வண்டி மணிக்கு 10 கிலோமீட்டரில் ஊர்கிறது. அந்த ஐந்து கிலோமீட்டரே அரை மணி நேரத்தைத் தின்றுவிடும். மீதி 55 கிலோமீட்டரை 80-ல் கடக்க 41 நிமிடம் ஆகும். பொறுமையிழந்த ஓட்டுநர் அந்த 55 கிலோமீட்டரிலும் 100-ல் பறந்தால் 8 நிமிடம் மிச்சம். நெரிசல் பகுதியில் வேகம் 10-லிருந்து 20 ஆனால் 15 நிமிடம் மிச்சம். பயணத்தின் பன்னிரண்டில் ஒரு பங்கே உள்ள அந்தத் துண்டுதான் மொத்த நேரத்தையும் தீர்மானிக்கிறது. ஆகவே கட்டணச் சாலையின் பெருமை, அதில் எவ்வளவு விரட்டலாம் என்பதைவிட, ஊர்ந்து போகும் துண்டுகளை எவ்வளவு ஒழித்திருக்கிறது என்பதில்தான் இருக்கிறது.

கோபுர உயரத்திலிருந்து ஒரு கார்

நிற்காமல் போவதில் நேரத்தோடு எரிபொருளும் மிச்சமாகிறது. 1,200 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 80 கிலோமீட்டரில் போகும்போது அதற்குள் சேர்ந்திருக்கும் இயக்க ஆற்றல் சுமார் 3 லட்சம் ஜூல். அந்தக் காரை 25 மீட்டர் உயரத்துக்குத் தூக்குவதற்கும் அதே அளவு ஆற்றல் வேண்டும். பிரேக்கை மிதித்ததும் அத்தனையும் வெறும் சூடாகிக் காற்றில் போகிறது. மறுபடி 80-ஐப் பிடிக்க, எட்டு மாடி உயரத்துக்குக் காரை மீண்டும் ஏற்றுவதற்குச் சமமான வேலையை எஞ்சின் செய்தாக வேண்டும்.

வேகம் இரட்டித்தால் இந்த ஆற்றல் நான்கு மடங்காகும். இப்போது உருவாகிவரும் சென்னை–பெங்களூரு விரைவுச்சாலை மணிக்கு 120 கிலோமீட்டருக்காக வடிவமைக்கப்பட்டது. அந்த வேகத்தில் போகும் காரின் ஆற்றல் அதை ஏறக்குறைய 57 மீட்டர் தூக்கப் போதும். கிருஷ்ணதேவராயர் 1509-ல் எழுப்பிய காஞ்சி ஏகாம்பரநாதர் ராஜகோபுரத்தின் உயரத்தை அது நெருங்குகிறது. சன்னதித் தெருவில் நின்று கோபுரக் கலசங்களை அண்ணாந்து பாருங்கள். 120-ல் போகும் கார் எதன் மீதாவது மோதினால், அந்த உச்சியிலிருந்து விழுந்த அடிக்குச் சமம்.

பெட்ரோலில் உள்ள ஆற்றலில் கால் பங்குதான் சக்கரத்துக்குப் போய்ச் சேர்கிறது என்று வைத்தால், 80-லிருந்து ஒரு முறை நின்று மறுபடி அதே வேகத்தைப் பிடிக்க ஏறக்குறைய 37 மில்லி செலவு. லிட்டர் 100 ரூபாய் என்றால் மூன்றே முக்கால் ரூபாய். 25 டன் லாரி 60-லிருந்து நின்று கிளம்பினால் கால் லிட்டர் டீசல் போகும். ஊருக்கு ஊர் வேகத்தடை, சந்திப்பு, மாடு, பஸ் நிறுத்தம் என்று இருபது இடத்தில் நின்று போகும் வழியில், கார் 50-ல்தான் போனாலும் கால் லிட்டருக்கு மேல் பெட்ரோல் பிரேக்கிலேயே கரைகிறது. கட்டணத்தில் ஒரு பங்கை நெடுஞ்சாலை இந்த வழியில் திருப்பித் தந்துவிடுகிறது. ஆனால் அதே சாலையில் 80-க்குப் பதில் 100-ல் விரட்டினால் காற்றின் எதிர்ப்பு 56 சதவீதம் கூடும். மிச்சம் பிடித்த பெட்ரோல் வந்த வழியே போய்விடும்.

பேட்டரி இல்லாத ஒட்டுவில்லை

நிற்காமல் போவதை விற்கும் சாலை, காசு வாங்குவதற்காக நம்மை நிறுத்துகிறது. இந்த முரணைத் தீர்க்க வந்ததுதான் ஃபாஸ்டேக். 2021 பிப்ரவரி நடுவில் அது கட்டாயமானது.

கண்ணாடியில் ஒட்டியிருக்கும் அந்த வில்லையில் பேட்டரி கிடையாது. உள்ளே இருப்பவை மெல்லிய உலோக ஆண்டெனாவும் மணல் பருக்கை அளவுள்ள ஒரு சில்லும் மட்டுமே. சாவடிக் கூரையில் உள்ள கருவி 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரையிலான வானொலி அலையை வீசுகிறது. அலைநீளம் சுமார் 35 சென்டிமீட்டர், ஏறக்குறைய முக்கால் முழம். அந்த அலையிலிருந்தே சொட்டு ஆற்றலை உறிஞ்சிச் சில்லு விழித்துக்கொள்கிறது. விழித்ததும் தானாக எந்த அலையையும் அது அனுப்புவதில்லை. தன் மீது படும் அலையை ஒரு கணம் நன்றாகவும் மறுகணம் குறைவாகவும் பிரதிபலிக்கிறது. வெயிலில் கண்ணாடியைத் திருப்பித் திருப்பி எதிர்வீட்டுச் சுவரில் வெளிச்சம் காட்டும் சிறுவனின் விளையாட்டு இது. அந்தக் கூடலும் குறைதலுமே வண்டியின் எண்ணைச் சொல்லிவிடுகின்றன. பிரதிபலிக்கும் அலையைக் கொண்டே செய்தி அனுப்பலாம் என்று ஹாரி ஸ்டாக்மன் 1948-ல் எழுதிய கட்டுரை இன்று நம் கார் கண்ணாடியில் வேலை செய்கிறது.

அப்படியும் பண்டிகை நாளில் ஏன் வரிசை நிற்கிறது? விடைக்கான கணிதத்தைத் தொடங்கிவைத்தவர் கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்த ஏ.கே.எர்லாங். ஆண்டு 1909. ஒரு வண்டிக்குச் சராசரியாக 10 வினாடி ஆகும் பாதையில் நிமிடத்துக்கு ஆறு வண்டி போகலாம். பாதையின் கொள்ளளவில் பாதி வண்டிகளே வந்தால், வரிசையில் நின்று கடந்து போக ஒருவருக்கு 20 வினாடி. கொள்ளளவில் 90 சதவீதம் வந்தால் 100 வினாடி. 95 சதவீதம் என்றால் 200 வினாடி. கடைசியாக ஐந்தே சதவீத வண்டிகள் கூடியதில் காத்திருப்பு இரட்டிக்கிறது. வண்டிகள் சீராக வராமல் கொத்துக்கொத்தாக வருவதுதான் காரணம். முன்னால் ஒருவரின் கணக்கில் பணம் தீர்ந்து, தடுப்புக் கம்பம் எழாமல் நின்றால் பின்னால் உள்ள அத்தனை பேருக்கும் அந்தத் தாமதம் பங்காகிறது.

அகலம் காருக்கு, கனம் லாரிக்கு

நிற்காத பயணத்தைக் கெடுக்கும் இன்னொன்று குழி. சாலை ஏன் உடைகிறது? அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை, தனியாகப் போட்ட சாலைகளில் லாரிகளை இரவும் பகலும் ஓட்டி ஒரு பெரிய சோதனை நடத்தினார்கள். சாலைக்கு ஏற்படும் சேதம், ஓர் அச்சின் மீது இறங்கும் எடையின் நான்காம் அடுக்கை ஒட்டிக் கூடுகிறது என்பது அதிலிருந்து கிடைத்த விதி.

சிறிய காரின் ஓர் அச்சில் அரை டன் எடை. பாரம் ஏற்றிய லாரியின் ஓர் அச்சில் 10 டன். எடை இருபது மடங்கு. சேதமோ இருபதை நான்கு முறை பெருக்க வேண்டும்: 1,60,000 மடங்கு. 10 டன் ஏற்ற வேண்டிய அச்சில் 12 டன் ஏற்றினால் சேதம் இரண்டு மடங்காகிறது. தேசிய நெடுஞ்சாலைக் கட்டணத்துக்கான 2008-ஆம் ஆண்டு விதிகள் காருக்கு அடிப்படைக் கட்டணமாகக் கிலோமீட்டருக்கு 65 காசும், பஸ்ஸுக்கும் லாரிக்கும் 2 ரூபாய் 20 காசும் வைத்தன. கட்டணம் மூன்றரை மடங்குகூட இல்லை. ஆனால் லாரியையே குற்றவாளியாக்கிவிடவும் முடியாது. சாலையை ஆறு வழியாக அகலப்படுத்த வைப்பது பெரும்பாலும் கார்களின் எண்ணிக்கை; தடிமனாகப் போட வைப்பது லாரியின் பாரம். லாரி கட்டும் கட்டணமோ கடைசியில் நம் வீட்டு அரிசி விலையில்தான் வந்து சேர்கிறது. சாவடியையே பார்க்காதவரும், கட்டண விலக்குள்ள இருசக்கர வாகனத்தில் போகும் நெசவாளரும்கூட இந்தச் சாலைக்குப் பணம் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

அதனால்தான் சாலை கெட்டுப்போகும்போது கேள்வி கேட்கும் உரிமை எல்லோருக்கும் இருக்கிறது. முசரவாக்கத்துக்காரர்களுக்கு இது பழகிய கதை. மதுரவாயலுக்கும் வாலாஜாபேட்டைக்கும் இடையே சாலை மோசமாக இருந்ததால், அந்தப் பகுதியின் இரண்டு சாவடிகளிலும் பாதிக் கட்டணமே வசூலிக்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2020 டிசம்பரில் உத்தரவிட்டது. கேரளத்தின் பாலியேக்கரை சாவடியில் வசூலை நிறுத்திவைத்த உயர் நீதிமன்ற உத்தரவில் தலையிட உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்டில் மறுத்தது. பொருள் கைக்கு வராதபோது விலை மட்டும் எப்படி நிற்கும் என்ற எளிய நியாயம்தான் இரண்டிலும் பேசியது.

போய்ச் சேரும் உறுதி

காஞ்சிக்குப் போகும் வழியில் சுங்கம் வாங்குவது புதிதல்ல. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படை, மிளகுப் பொதி சுமந்த கழுதைகளோடு வணிகர் கூட்டம் போகும் பெருவழியைக் காட்டுகிறது. அங்கே சுங்கத்துக்கு உல்கு என்று பெயர். உல்கு வாங்கும் அந்த வழியை வில் ஏந்திய வீரர்கள் காத்து நின்றார்கள். கழுதையின் வேகம் உல்கு கட்டியதால் கூடியிருக்காது. வழிப்பறிக்கு ஆளாகாமல் சரக்கு போய்ச் சேரும் என்ற உறுதிக்குத்தான் வணிகர்கள் கொடுத்தார்கள்.

இன்றும் நாம் ஒரு பங்கை அதற்காகவே கொடுக்கிறோம். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 1995-ல், இலவசப் பாதைகளுக்கு நடுவிலேயே கட்டணப் பாதை ஒன்றைத் திறந்தார்கள். எந்தப் பாதையை யார் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று பொருளியலாளர்கள் ஆராய்ந்தபோது, மிச்சமாகும் நிமிடங்களோடு ‘இத்தனை மணிக்குப் போய்விடுவோம்’ என்ற நிச்சயத்துக்கும் மக்கள் தனியாக விலை கொடுப்பது தெரிந்தது. நாளை காலை முகூர்த்தம், கூறைப்புடவை இன்று இரவுக்குள் மண்டபம் போய்ச் சேர வேண்டும் என்றால், ஒருநாள் ஒன்றரை மணியும் மறுநாள் மூன்று மணியும் எடுக்கும் வழியை யார் நம்புவார்கள்? பயணத்தின் மதிப்பு ஆளுக்கு ஆள், நாளுக்கு நாள் மாறும். பிரெஞ்சுப் பொறியாளர் ஜூல் துப்வி 1844-லேயே பாலங்களுக்கான சுங்கத்தை வைத்து இதை விளக்கியிருக்கிறார்.

ஆகவே கணக்கை இப்படிப் போடலாம். 75 ரூபாய் கொடுத்து 30 நிமிடம் மிச்சமானால் நிமிடத்துக்கு இரண்டரை ரூபாய். காரில் நான்கு பேர் என்றால் தலைக்கு 63 காசு. அது கட்டுப்படியாகும். தாம்பரம் பக்கம் வேலை, தனியாள், அவசரமில்லை என்றால் வாலாஜாபாத் வழியே போதும். 24 மணி நேரத்துக்குள் திரும்புவதானால் இருவழிக் கட்டணம் ஒன்றரை மடங்குதான். அடிக்கடி போகும் சொந்தக் காருக்கு, 2025 ஆகஸ்ட் 15-ல் 3,000 ரூபாயில் தொடங்கிய ஆண்டுச் சீட்டு இருக்கிறது. 200 முறை கடக்கலாம். அந்த விலையில், முழுதாகப் பயன்படுத்தினால் ஒரு முறைக்கு 15 ரூபாய். சாவடிக்கு 75 ரூபாய் கட்டுகிறவருக்கு நாற்பதாவது முறையிலேயே போட்ட பணம் வந்துவிடும். குட்டி யானைக்கு அந்தச் சலுகை கிடையாது. பிழைப்புக்காகத் தினமும் சாவடியைக் கடக்கிறவருக்கும் அப்படி ஒரு வழி திறக்க வேண்டும் என்று கேட்பது நியாயம்.

அடுத்த முறை நெமிலியைக் கடந்ததும் வேகமானியைப் பார்க்காதீர்கள். குழிக்காக, வரிசைக்காக, வேலை முடியாத மேம்பாலத்துக்காக எத்தனை முறை நின்றீர்கள் என்று பக்கத்தில் இருப்பவரை எண்ணச் சொல்லுங்கள். ஒன்றிரண்டு என்றால் கொடுத்த காசுக்குச் சாலை வந்து சேர்ந்தது. பத்தைத் தாண்டினால், அந்த எண்ணிக்கையையும் கிலோமீட்டர் கல்லில் இருக்கும் எண்ணையும் குறித்துக்கொண்டு, நெடுஞ்சாலை உதவி எண் 1033-ஐ அழைத்துச் சொல்லுங்கள்.