3.10 பெரிசா... 3.9 பெரிசா?

வேப்பந்தட்டை பக்கம் எந்த வீட்டுக்காவது போய், ஒரு பருத்தி விதை பாக்கெட்டைக் கையில் கொடுத்துப் பாருங்க. அட்டையில் வெள்ளை வெளேர்னு வெடிச்சிருக்கிற காய் படத்தை யாரும் ரசிக்க மாட்டாங்க. டக்குனு திருப்பி லேபிளைத்தான் பார்ப்பாங்க. என்ன ரகம், லாட் நம்பர் என்ன, எப்போ சோதிச்சது, எதுவரை செல்லும்... எல்லாம் பார்த்த பிறகுதான் விதை காட்டுக்குப் போகும். பருத்தி ஆராய்ச்சி நிலையமே இருக்கிற ஊராச்சே, கேட்கணுமா!

அதே வீட்டிலிருந்து கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கக் கிளம்புற தம்பி, தங்கச்சிக்கு ஒரு சின்னக் கேள்வி. வெர்ஷன் 3.10, வெர்ஷன் 3.9... ரெண்டுல எது புதுசு?

'3.9தான். 3.10னா வெறும் 3.1தானே!' என்பது உங்க பதிலா? ஸாரி பாஸ், நீங்க அவுட்!

வெர்ஷன் நம்பரில் இருப்பது பெரும்பாலும் தசமப் புள்ளி இல்லை. நடுவில் எழுப்பிய சுவர். அந்தப் பக்கம் 3 ஒரு தனி எண், இந்தப் பக்கம் 10 ஒரு தனி எண். ஒன்பதுக்கு அப்புறம் பத்து. அதனால 3.10தான் புதுசு. 'இதுக்கா இவ்ளோ பில்டப்?' என்கிறீங்களா? கொஞ்சம் பொறுங்க. ஒரு நாட்டில் லட்சக்கணக்கான வீடுகள் இருட்டில் மூழ்கின கதையும் இதுக்குள்ளே இருக்கு.

ஷேர் ஆட்டோ பெட்டி

1980களில் ஒரு ஆபீஸுக்கு ஒரே ஒரு பெரிய கம்ப்யூட்டர்தான். மத்தவங்க மேஜையில் இருந்தது கீபோர்டும் கறுப்புத் திரையும் மட்டும். அதுக்குப் பேர் டெர்மினல். டெல்லியில் 1985ல் ஆரம்பிச்ச ரயில்வே கம்ப்யூட்டர் முன்பதிவு இந்த டெர்மினல் பாணிதான். ஒவ்வொரு மேஜையிலிருந்தும் தனித்தனியா வயர் இழுத்தா கட்டுப்படியாகுமா? அதுக்கு வந்ததுதான் டெர்மினல் சர்வர். ஒரு பக்கம் வரிசையா சீரியல் போர்ட்டுகள், இன்னொரு பக்கம் ஒரே ஒரு ஈதர்நெட் வயர். கிட்டத்தட்ட ஷேர் ஆட்டோ! அமெரிக்காவின் டிஜிட்டல் எக்விப்மென்ட் கம்பெனி தயாரித்த டெக்சர்வர் 200 ஒரே நேரத்தில் எட்டு பேரை ஏத்திக்கும்.

பெட்டிக்குள்ளேயே தங்கி அதை இயக்குகிற சாஃப்ட்வேருக்குத்தான் ஃபர்ம்வேர்னு பேர். ஆனா டெக்சர்வர் 200ல் ஒரு வேடிக்கை. அதன் சிப்புக்குள் இருப்பது ஒரு குட்டி புரோகிராம்தான். கரன்ட் வந்ததும் தன்னைத்தானே சோதிச்சுக்கும். அப்புறம் நெட்வொர்க்கில், 'என் சாஃப்ட்வேரை யாராவது அனுப்புங்கப்பா' என்று குரல் கொடுக்கும். பெரிய கம்ப்யூட்டர் அனுப்பி வைக்கும். ஆக, சிப்பில் இருப்பதற்கு ஒரு வெர்ஷன், வந்து இறங்கியதற்கு ஒரு வெர்ஷன். இதைக் குழப்பிக்கிட்டா அவ்வளவுதான்.

லேபிள் படிக்கலாம் வாங்க

இந்தப் பெட்டி திரையில் காட்டும் வரி இப்படி இருக்கும்: வி3.1 (பிஎல்37) – எல்.ஏ.டி. வி5.1.

வி என்றால் முறைப்படி வெளியானது. அந்த இடத்தில் டி இருந்தா, வாடிக்கையாளரிடம் சோதனைக்குப் போனது. எக்ஸ் இருந்தா, லேபை விட்டே தாண்டாத குழந்தை!

3 என்பது பெரிய மாற்றம். 1 என்பது சின்ன மாற்றம்.

பிஎல்37 நம்ம லாட் நம்பர் மாதிரி. ஒரே 3.1 தான், ஆனா எந்தக் கட்டத்தில் தயாரானது என்று இது சொல்லும்.

எல்.ஏ.டி. என்பது பெரிய கம்ப்யூட்டரோடு பேசுகிற பாஷை. இந்தப் பாஷை உள்ளூர் நெட்வொர்க்குக்குள் மட்டும்தான் செல்லுபடி. ரவுட்டரைத் தாண்டி அசலூர் போகாது. சாஃப்ட்வேர் வெர்ஷனும் பாஷை வெர்ஷனும் வேற வேற என்பதை மறக்காதீங்க.

இன்னொரு சிக்கல். இந்த லேபிளை ஒட்டிய கம்பெனியே இப்போ இல்லை. 1998ல் காம்பேக் வாங்கியது. 2002ல் காம்பேக்கை எச்.பி. வாங்கியது. கடை மூடின பிறகு விதையை எங்கே போய் மாத்துறது?

இருட்டாக்கிய ஃபர்ம்வேர்

2015 டிசம்பர் 23. உக்ரைனில் மூன்று மின் விநியோக கம்பெனிகளின் நெட்வொர்க்குக்குள் ஹேக்கர்கள் புகுந்தாங்க. சுமார் 2,25,000 வாடிக்கையாளர்களுக்கு கரன்ட் கட். அதோடு விட்டாங்களா? துணை மின் நிலையங்களில் சீரியல் வயரை ஈதர்நெட்டோடு இணைக்கிற பெட்டிகள் இருந்தன. நம்ம டெர்மினல் சர்வரோட ஒண்ணுவிட்ட தம்பிகள். அவற்றின் ஃபர்ம்வேரை அழிச்சு, வேற எதையோ எழுதி, செங்கல்லாக்கிட்டாங்க. கன்ட்ரோல் ரூமிலிருந்து ஆணை போக வழியில்லை. ஊழியர்கள் நேரில் ஓடிப்போய் கையால் சுவிட்சைப் போட்டுத்தான் சில மணி நேரத்தில் வெளிச்சம் வந்தது.

ஏன் இது நடக்குது? பழைய பெட்டிகள் பலவும், வருகிற ஃபர்ம்வேரை அனுப்பினது யாருன்னு கேட்பதே இல்லை. பாஸ்வேர்டை மறைத்து அனுப்பும் எஸ்.எஸ்.எச். வந்ததே 1995ல்தான். அதுக்கு முந்தைய பெட்டிகளில் டெல்நெட்தான். பாஸ்வேர்டு அப்பட்டமா வயரில் ஓடும்.

அதனால சீரியல் போர்ட் உள்ள பழைய பெட்டி எதில் கைவைத்தாலும் நாலு விஷயம். முதலில் இருக்கிற வெர்ஷனைக் குறிச்சு வையுங்க. மாடல் நம்பரை எழுத்துக்கு எழுத்து சரிபாருங்க. செட்டிங்ஸை ஒரு காப்பி எடுங்க. யு.பி.எஸ். இல்லாம ஃபர்ம்வேர் ஏத்தாதீங்க. பாதியில் கரன்ட் போனா பெட்டி கோவிந்தா!

'இதெல்லாம் மியூசியம் சரக்கு, நமக்கெதுக்கு?' என்று ஒதுக்கிடாதீங்க. பக்கத்து அரியலூர் முழுக்க சிமென்ட் ஆலைகள். ஆலைகளில் இயந்திரத்தை மாத்துறது சுலபமில்லை. எடை மேடை மாதிரியான கருவிகள் சீரியல் போர்ட்டில் பேசுவது இன்னைக்கும் சகஜம். புது மொபைலின் வெர்ஷனை எல்லாரும் சொல்லுவாங்க. தூசி படிஞ்ச பெட்டியின் லேபிளைத் துடைச்சுப் படிக்கத் தெரிஞ்சவங்க கொஞ்சம் பேர்தான்.

சந்தேகமா இருந்தா, விதை பாக்கெட்டைத் திருப்பிப் பார்க்கிற உங்க அப்பாகிட்ட கேளுங்க. லேபிள் படிக்காம விதைச்சா என்ன ஆகும்னு அவர் சொல்லுவார்!