தரங்கம்பாடியில் ஒரு பகல்

பண்டிகை விடுமுறை வந்துவிட்டால் நம்மவர்களுக்கு இரண்டே வழிதான் தெரியும். ஒன்று, உறவினர் வீட்டுத் திண்ணையை அடைத்துக்கொள்வது. மற்றொன்று, மலைமேல் ஏறிக் குளிரில் நடுங்குவது. காலையில் புறப்பட்டு இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பக்கூடிய ஊர்களை யாரும் நினைப்பதில்லை. என் மகளின் சரித்திரப் புத்தகத்தில் தரங்கம்பாடிக்கு ஒரே ஒரு வரி. “அப்பா! அந்த ஒரு வரியை நேரில் பார்த்துவிட்டு வரலாமா?” என்றாள். பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை, கட்டுச்சோற்று மூட்டையுடன் மாயவரத்தில் பஸ் ஏறினோம்.

1926 முதல் 1986 வரையில் இந்த வழியில் ரயில் ஓடிற்று. என் தாயார் அதில் பிரயாணம் செய்தவள். “ரயிலில் போனால் கடல் மெல்ல மெல்ல வரும். பஸ்ஸில் திடீரென்று வந்து நிற்கிறது” என்று குறைப்பட்டுக் கொண்டாள்.

1792-ல் டேனிஷ்காரர் கட்டிய நகர வாயிலைத் தாண்டினால் ராஜ வீதி. அகலமான வீதி, அவசரமில்லாத வீதி. பத்து நிமிஷத்தில் கடலை அடைந்துவிடலாம். நாங்கள் இரண்டு மணி நேரம் எடுத்துக்கொண்டோம்.

வீதியின் கோடியில், சமுத்திரத்தைப் பார்த்தபடி நிற்கிறது டேன்ஸ்பர்க் கோட்டை. மிளகு வியாபாரத்துக்காக டென்மார்க்கிலிருந்து வந்த ஓவே கெத்தே என்னும் தளபதிக்கு, 1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கர் இந்த இடத்தைக் கொடுத்தார். டென்மார்க் அரசருக்கு நாயக்கர் தங்கத் தகட்டில் அனுப்பிய கடிதம் கோபன்ஹேகனில் இன்னும் பத்திரமாக இருக்கிறது.

என் மகளைக் கவர்ந்தவர் தளபதி அல்ல, சீகன்பால்கு. 1706-ல் வந்து இறங்கிய இந்த ஜெர்மானியப் பாதிரியார், பள்ளிச் சிறுவர்களோடு உட்கார்ந்து மணலில் ‘அ, ஆ’ எழுதிப் பழகியவர். நாலு மாதம் அவரை இதே கோட்டையில் அடைத்து வைத்தார்கள். அடைத்தவர் நம் ராஜாக்களில் ஒருவர் என்று நினைக்க வேண்டாம், டேனிஷ் கவர்னரேதான்! ஹாலே நகரில் வார்த்த தமிழ் எழுத்துக்கள் 1713-ல் கப்பலேறி வந்தன. 1715-ல் புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகி முடிந்தது. தமிழில் முதல் அச்சு இதுதான் என்று சிலர் அடித்துச் சொல்வதுண்டு, அது தவறு. கொல்லத்தில் 1578-லேயே தமிழ்ப் புத்தகம் அச்சாகிவிட்டது. அதனால் சீகன்பால்குவின் பெருமைக்கு ஒன்றும் குறைவில்லை. முப்பத்தாறு வயதில் காலமான அவர், தாம் கட்டிய புது எருசலேம் ஆலயத்திலேயே உறங்குகிறார்.

1845-ல் இந்த ஊரையும் வங்காளத்து ஸ்ரீராம்பூரையும் சேர்த்து, பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு இங்கிலீஷ்காரரின் கம்பெனிக்கு விற்றுவிட்டார்கள்.

“ஊரை எப்படி அப்பா விற்க முடியும்? இங்கே இருந்தவர்களைக் கேட்டார்களா?”

மாட்டை விற்கும்போது மாட்டைக் கேட்பதில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். வெட்கமாயிருந்தது, அடக்கிக்கொண்டேன்.

கரையில் ஒரு முதியவர் வலையின் கிழிசலைச் சரிசெய்து கொண்டிருந்தார். என் மகள் விஷயத்தை அவரிடமே கேட்டுவிட்டாள். அவர் ஊசியை நிறுத்தினார். “வித்தாங்களா பாப்பா? எங்க தெருவையுமா?” என்று கேட்டுவிட்டு வெகுநேரம் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. 2004 டிசம்பர் 26-ந் தேதி சுனாமி வந்த காலையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். அதை இங்கே எழுத எனக்கு மனமில்லை.

கோட்டைக்குச் சற்று வடக்கே மாசிலாமணிநாதர் கோயில். பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்தது. அதன் முன்பாகங்களைக் கடல் கொண்டுபோய்விட்டது. அலையைத் தடுக்கப் பாறைகளைக் கொட்டியிருக்கிறார்கள். டேனிஷ்காரரின் கோட்டையைப் பார்க்க வருகிற கூட்டத்தில் பாதிப்பேர்கூட இந்தப் பக்கம் திரும்பவில்லை. என் தாயார் மட்டும் சந்நிதியில் உட்கார்ந்து எழுந்திருக்க மறுத்தாள். புளியோதரையும் தயிர்சாதமும் அங்கே அருகிலேயே, உப்புக் காற்றில் தீர்ந்தன.

வெயில் தாழ்ந்ததும் ஆட்டோ ஒன்று பிடித்து, அருகிலுள்ள தில்லையாடிக்குப் போனோம். இங்கே பிறந்த மங்களத்தம்மாளின் மகள்தான் வள்ளியம்மை. தென்னாப்பிரிக்காவில் பிறந்து, அங்கே காந்தியடிகளின் சத்தியாக்கிரகத்தில் சேர்ந்து சிறை சென்று, ஜுரத்தோடு வெளிவந்து, 1914 பிப்ரவரி 22-ல் பதினாறு வயதில் உயிர் நீத்த பெண். மறுவருஷம் காந்தியடிகள் தாய்நாடு திரும்பியதும் இந்தச் சிறு கிராமத்தைத் தேடி வந்தார்.

“என்னைவிட மூன்று வயதுதான் பெரியவள்” என்றாள் என் மகள். நினைவு மண்டபத்தில் அதற்கப்புறம் அவள் பேசவில்லை.

திரும்பும் பஸ்ஸில் பேனாவைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். டிக்கெட்டின் பின்புறத்தில் பெயர்களையும் வருஷங்களையும் பொடி எழுத்தில் எழுதினாள். செம்பனார்கோயில் வருவதற்குள் இடம் தீர்ந்துவிட்டது. “உங்கள் டிக்கெட்டையும் கொடுங்கள், அப்பா!” என்று கையை நீட்டினாள்.