பள்ளி திறக்கும் முன் காலனியில் ஒரு ஞாயிறு

மே மாதம் வந்தால் சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று என்று காலனிப் பெண்கள் அலையத் தொடங்கிவிடுவார்கள். அரசுப் பள்ளியில் கட்டணம் இல்லை, புத்தகம் இலவசம், சீருடை இலவசம், பஸ் பாஸ் இலவசம். எல்லாம் உண்மைதான். ஆனால் பிள்ளைக்குச் சேர வேண்டிய உதவித்தொகையை வாங்க அம்மா எத்தனை நாள் கூலியை விடுகிறாள் என்பது எந்தக் கணக்கிலும் வருவதில்லை. இ-சேவை மையத்துக்கு ஒரு நாள், கிராம நிர்வாக அலுவலரைப் பார்க்க ஒரு நாள், வங்கிக்கு ஒரு நாள், "சர்வர் வேலை செய்யல, நாளைக்கு வாங்க" என்றால் இன்னொரு நாள். போதாக்குறைக்கு ஜமாபந்தி நடப்பதும் இதே மே, ஜூனில்தான். வருவாய்த்துறை மொத்தமும் கணக்குப் புத்தகங்களோடு தாலுகா அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் நம் பிள்ளையின் சான்று வரிசையில் கிடக்கும்.

திண்டிவனம் வட்டாரக் காலனி ஒன்றில் இந்த அலைச்சலைக் குறைக்க இளைஞர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை முகாம் போட்டார்கள். இடம் சமுதாயக்கூடம். மேடை இல்லை, பொன்னாடை இல்லை. மைக் மட்டும் இருந்தது, அதுவும் பெயர் கூப்பிட. கல்லூரியில் படிக்கும் பெண்கள் நான்கு மேசை போட்டு விண்ணப்பம் எழுதினார்கள். இ-சேவை மையம் நடத்தும் தம்பி மடிக்கணினியோடு வந்தார். தபால்காரர் கைரேகைக் கருவியோடு வந்தார். கிராம நிர்வாக அலுவலர், பள்ளித் தலைமை ஆசிரியர், அங்கன்வாடிப் பணியாளர், கிராமச் சுகாதாரச் செவிலியர் எல்லோரையும் ஒரு வாரம் முன்பே நேரில் போய் அழைத்திருந்தார்கள். செவிலியர் தடுப்பூசி அட்டைகளைப் பார்த்ததோடு, கண் மங்குகிறது என்று சொன்ன பிள்ளைகளின் பெயரைத் தனியே குறித்துக்கொண்டார்.

கூட்டம் அதிகம் நின்றது தபால்காரரிடம்தான். 9, 10-ம் வகுப்புக்கு ப்ரீமெட்ரிக், 11-ம் வகுப்பு முதல் போஸ்ட்மெட்ரிக் என்று பட்டியல் சாதிப் பிள்ளைகளுக்கு உதவித்தொகை உண்டு. இரண்டுக்கும் பெற்றோரின் ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். கூலி வேலை செய்யும் குடும்பத்துக்கு அந்த வரம்பு ஒரு தடையே இல்லை. தடை வேறு இடத்தில் இருக்கிறது. வங்கியில் ஆதார் நகல் கொடுத்துவிட்டோம் என்று பல தாய்மார்கள் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். நகல் கொடுப்பது வேறு, அரசுப் பணம் வந்து விழும்படி அந்தக் கணக்கோடு ஆதாரை இணைப்பது வேறு. ஒருவருக்கு இரண்டு, மூன்று கணக்கு இருந்தால் கடைசியாக எதில் இணைத்தார்களோ அதில்தான் பணம் விழும். ஆறாம் வகுப்பில் திறந்து மறந்துபோன கணக்கில் பணம் கிடக்க, "எனக்கு வரவே இல்ல சார்" என்று கல்லூரி வரை சொல்லிக்கொண்டிருக்கும் மாணவர்களை எனக்குத் தெரியும். இன்னொன்று, 5 வயதிலும் 15 வயதிலும் கைரேகையையும் கருவிழியையும் ஆதாரில் புதுப்பித்தாக வேண்டும். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோர் இதை இப்போதே பார்த்துவிடுவது நல்லது.

என்னை அதிக நேரம் நிறுத்தியது மூன்றாவது மேசை. பேரூராட்சியில் தூய்மைப் பணி செய்யும் ஓர் அம்மா, எட்டாம் வகுப்புக்குப் போகும் மகளோடு வந்திருந்தார். இவர்களுக்கென்றே ஓர் உதவித்தொகை இருக்கிறது. சுகாதாரக் குறைவான தொழில் புரிவோரின் பிள்ளைகளுக்கு 1 முதல் 10-ம் வகுப்பு வரை கொடுப்பது. சாதி வரம்பும் இல்லை, வருமான வரம்பும் இல்லை. அம்மா பெயர் சொல்லிக்கொண்டே வர, மகள் விண்ணப்பத்தைப் பிடித்து இழுத்தாள்.

"எழுதாதீங்கக்கா. கிளாஸ்ல படிப்பாங்க."

"யார் படிப்பாங்க பாப்பா?"

"டீச்சர்தான். போன வருசம் எஸ்சி ஃபார்ம் வந்தப்பவே எல்லாரையும் எழுந்து நிக்கச் சொன்னாங்க."

அம்மா எதுவும் பேசவில்லை. முந்தானையில் முடிந்திருந்த பணியாளர் அடையாள அட்டையை எடுத்து மேசையில் வைத்துவிட்டுத் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

அந்தத் திட்டத்தின் பெயரை வைத்தவர்கள் ஒரு நாளாவது பதின்மூன்று வயதுப் பெண்ணின் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும். வகுப்பில் எல்லோர் முன்னும் "எஸ்சி பிள்ளைங்க எழுந்திருங்க" என்பது பல பள்ளிகளில் கெட்ட எண்ணம் இல்லாமலே நடக்கிறது, விண்ணப்பம் சீக்கிரம் முடிய வேண்டும் என்ற அவசரத்தில். எழுந்து நிற்கும் பிள்ளைக்கு அந்த வேறுபாடு தெரியாது. இதை நிறுத்த அரசாணை வேண்டாம். தலைமை ஆசிரியர் நினைத்தால் நாளைக்கே நிறுத்தலாம். அன்று வந்திருந்த தலைமை ஆசிரியரிடம் கல்லூரிப் பெண்கள் அதைத்தான் கேட்டார்கள். விண்ணப்பங்களைப் பெற்றோர் கையிலிருந்து தன் அறையில் தானே வாங்கிக்கொள்வதாகவும், பெயர்ப் பட்டியலைப் பலகையில் ஒட்ட மாட்டோம் என்றும் அவர் ஒப்புக்கொண்டார். அதன் பிறகுதான் அந்தப் பெண் தன் பெயரைத் தானே எழுதினாள்.

பிளஸ் டூ முடித்தவர்களின் மேசையில் கவலை வேறு மாதிரி. "முதலில் பணத்தைக் கட்டுங்கள், உதவித்தொகை வந்ததும் திருப்பித் தருகிறோம்" என்று ஒரு தனியார் கல்லூரி சொன்னதாக ஒரு மாணவி கேட்டாள். 2012-ல் வந்த அரசாணை 92 என்ற பெயரை நம் வீட்டு மாணவர்கள் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். சுயநிதிக் கல்லூரியில் சேரும் ஆதிதிராவிடர், பழங்குடியினர், மதம் மாறிய கிறித்தவ ஆதிதிராவிடர் மாணவர்களின் கட்டணத்தை அரசு ஏற்பது பற்றிய ஆணை அது. ஆனால் இடைத்தரகர் பேச்சைக் கேட்டு நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்துவிட்டால் உதவித்தொகை சிக்கலாகிவிடும். கலந்தாய்வு வழியாகவே சேருங்கள். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்திருந்தால் புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் தனியாக வரும்.

ஏரிக்கரையில் இருக்கும் இருளர் குடும்பங்களுக்குத்தான் அன்று முழுமையாக எதுவும் முடியவில்லை. பட்டியல் சாதிச் சான்றைத் தாசில்தார் கொடுத்துவிடுவார். பழங்குடிச் சான்று கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர் கையில் இருக்கிறது. அப்பாவுக்குச் சான்று இருக்கிறதா என்பார்கள். பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத அப்பாவிடம் சான்று எங்கிருந்து வரும்? பேராசிரியர் பிரபா கல்விமணியும் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கமும் இந்த வட்டாரத்தில் எத்தனை காலமாக இதற்காக மனு கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்! ஒன்றை மட்டும் அன்று அழுத்திச் சொன்னோம். சான்று வரும்வரை பிள்ளையை வீட்டில் வைத்திருக்க வேண்டாம். வயதுச் சான்று இல்லை என்று காட்டி 6 முதல் 14 வயதுப் பிள்ளைக்குப் பள்ளியில் இடம் மறுக்கக் கூடாது என்கிறது 2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பிரிவு 14. மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமானாலும் அப்படித்தான்.

அரசும் முகாம்கள் நடத்துகிறது. இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் வேலை நாளில், ஊர்ப் பக்கத்து மண்டபத்தில் நடக்கும் முகாமுக்குக் காலனியிலிருந்து யார் போய் எந்த வரிசையில் நிற்பார்கள் என்பது நமக்குத் தெரியும். ஊர்ப் பள்ளிகள் நம்மைச் சேர்த்துக்கொள்ளாத காலத்தில், 1920-களில் சென்னை மாகாணத் தொழிலாளர் துறை சேரிக்கே பள்ளிகளைக் கொண்டுவந்தது. பள்ளியே வந்த இடத்துக்கு ஒரு கணினியும் ஒரு முத்திரையும் வர முடியாதா? ஜமாபந்தி தொடங்கும் முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலனிக்குள். மாவட்ட நிர்வாகத்திடம் நாம் கேட்பது இவ்வளவுதான்.

முகாம் போட நினைக்கும் தோழர்களுக்கு: குடும்ப அட்டை, ஆதார், பிறப்புச் சான்று மூன்றிலும் பெயரும் தலைப்பெழுத்தும் ஒன்றாக இருக்கிறதா என்று வீடு வீடாக முதலிலேயே பார்த்துவிடுங்கள். அன்று பாதி நேரம் போனது அதில்தான். மாலையில் கூட்டம் கலைந்த பிறகு இருளர் குடும்பங்களின் மனுக்களைத் தனியாகக் கட்டினார்கள். திங்கட்கிழமை சார் ஆட்சியர் அலுவலகத்துக்கு அவற்றைக் கொண்டுபோக இரண்டு கல்லூரிப் பெண்கள் பெயர் கொடுத்தார்கள். பஸ் செலவுக்கு அங்கேயே ஒரு துண்டை விரித்து வசூல் செய்தார்கள்.