ஆங்கில உரையாடலில் நிகழா விருப்பம்

கழக்கூட்டத்தில் 1990இல் நிறுவப்பெற்ற டெக்னோபார்க் போன்ற பணியிடங்களில் தமிழர், மலையாளிகளுடன் ஆங்கிலத்தில் உரையாடுவர். அங்கு இடர்தருவது, நடப்புக்கு மாறான விருப்பத்தைக் கூறும் தொடராகும்.

மலையாளம் அறியாதவர் அதனை அறிய ஏங்கி, 'ஐ விஷ் ஐ நோ மலையாளம்' என்பது வழு. 'ஐ விஷ் ஐ நியூ மலையாளம்' என்பதே வழக்கு. ஈண்டு 'நியூ' என்னும் இறந்தகால வடிவம் காலத்தை உணர்த்தவில்லை, இன்மையை உணர்த்துகிறது.

தமிழிலும் காலம் மயங்கும். இன்னும் புறப்படாதவர் 'இதோ வந்துவிட்டேன்' என்பர். விரைவு முதலிய காரணங்களால் நன்னூல் இதனை அமைக்கும். ஆயின் தமிழில் இம்மயக்கம் உறுதியைக் காட்ட, ஆங்கிலத்தில் உண்மையின்மையைக் காட்டுகிறது.

மேலும், 'மலையாளம் தெரிந்தால் நன்றாயிருக்கும்' என்னும் தமிழ்த்தொடர் இயல்வதற்கும் இயலாததற்கும் பொது. மலையாளமோ 'அறியாமாயிருந்நெங்கில்' என இறந்தகாலத் துணைவினையால் இயலாததைப் பிரித்துக் காட்டும். ஆங்கில அமைப்பிற்கு இது நெருக்கமானது.

வேறுபாடு பொருளையே மாற்றவல்லது. பணி துறந்து செல்பவரிடம் 'ஐ ஹோப் யூ ஆர் ஸ்டேயிங்' எனின், அவர் முடிவை அறியாதவர் கூற்றாகும். 'ஐ விஷ் யூ வேர் ஸ்டேயிங்' எனின், பிரிவுக்கு வருந்துவார் கூற்றாகும். எனவே பயிற்றுவோர் இவ்வடிவத்தை இறந்தகாலம் என்னாது, நடப்பினின்று விலகல் காட்டும் வடிவம் என விளக்குதல் பயன்தரும்.