மூளை வரையும் இடப்படம்

நள்ளிரவில் விளக்கு அணைந்துவிடினும், தன் வீட்டில் நெடுநாள் வாழ்ந்தவன் சுவரில் மோதாது வாயிற் கதவை அடைகின்றான். கண் காணாத வழியை அவனுக்குக் காட்டுவது யாது? இவ்வினாவை ஆராய்ந்த அறிஞர், மூளை தன்னுள்ளே ஓர் இடப்படத்தை வரைந்து வைத்திருக்கின்றது என்னும் முடிபுக்கு வந்துள்ளனர்.

இக்கருத்தைத் தெளிவுற எடுத்துரைத்தவர் அமெரிக்க உளநூலறிஞர் எட்வேட் டோல்மன் ஆவார். சிக்கலான பாதைகளில் உணவு தேடி ஓடும் எலி, வலம் இடம் என்னும் திருப்பங்களை மட்டுமே பழகிக்கொள்கின்றது என்பது அக்காலத்துப் பலர் கொள்கை. ஆயின், பழகிய வழி அடைக்கப்பட்டபோது எலிகள் பல உணவிருந்த திசை நோக்கிச் செல்லும் புதுவழியைத் தேர்ந்தமையை டோல்மன் கண்டார். எலியின் உள்ளத்தில் இடம் முழுவதையும் காட்டும் படம் ஒன்று உண்டென 1948ஆம் ஆண்டில் அவர் எழுதினார். அது மூளையின் எப்பகுதியில் உள்ளது என்பது அன்று புலப்படவில்லை.

1971ஆம் ஆண்டில் இலண்டன் யூனிவேர்சிற்றிக் கல்லூரியில் ஜோன் ஓ'கீவ் என்பார், தம் மாணாக்கருடன் சேர்ந்து, கடற்குதிரை வடிவினதாகலின் ஹிப்போகம்பஸ் எனப் பெயர்பெற்ற மூளைப் பகுதியில் மெல்லிய மின்வாய்களைச் செலுத்தி ஆராய்ந்தார். எலி ஓரிடத்தில் நிற்கும்போது ஒரு நரம்புக்கலமும், வேறிடத்தை அடையும்போது மற்றொரு கலமும் துடித்தன. இவை இடக்கலங்கள் எனப்பட்டன. தலை நோக்கும் திசையை உணர்த்தும் கலங்கள் பின்னர் அறியப்பட்டன.

2005ஆம் ஆண்டில் நோர்வே நாட்டின் துரொண்டைம் நகரில் மே-பிரிற் மோசர், எட்வேட் மோசர் ஆகியோரும் அவர்தம் மாணாக்கரும் வேறொரு வகைக் கலத்தை வெளிப்படுத்தினர். ஹிப்போகம்பசின் அயலிலுள்ள புறணியில் அமைந்த இக்கலம் ஒவ்வொன்றும் ஓரிடத்திலன்றிப் பல இடங்களில் துடிக்கின்றது. அவ்விடங்களைக் கோடிட்டு இணைப்பின் சமபக்க முக்கோணங்கள் வரிசையாகத் தோன்றும். நில அளவைப் படத்துக் கட்டங்கள் தூரத்தை அளக்க உதவுமாறுபோல இவை உதவுகின்றன எனக் கருதப்படுகின்றது. விளக்கை அணைத்த பின்னரும் இவை தம் ஒழுங்கிலே துடித்தன. நடையின் அளவையும் திரும்பலையும் கொண்டே மூளை இடத்தைக் கணிக்க வல்லது என்பது இதனாற் பெறப்படும். ஓ'கீவும் மோசர் இருவரும் 2014ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்றனர்.

மனிதர்பாலும் இதற்குச் சான்றுண்டு. இலண்டன் வாடகைக் கார்ச் சாரதிகள் ஏறத்தாழ 25,000 தெருக்களை மனனஞ் செய்து தேர்வு எழுதுதல் வேண்டும். 2011ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று, பயிற்சிக்கு முன்னும் பின்னும் அவர்தம் மூளைகளை அளந்து, தேர்வில் தேறியவரிடத்து மட்டுமே ஹிப்போகம்பசின் பின்பகுதி வளர்ந்திருந்தமையைக் காட்டியது. முயற்சியால் மூளையின் உருவே மாறும் என்பதற்கு இஃது எடுத்துக்காட்டாகும்.

வளரும் இப்படம் அழிதலும் உண்டு. அல்சைமர் நோய் முதலிற் பற்றும் பகுதிகளுள் ஹிப்போகம்பசும் அதன் அயற்புறணியும் அடங்கும். ஆகலின், பழகிய தெருவிலே வழிமயங்கி நிற்றல் அந்நோயின் தொடக்கக் குறிகளுள் ஒன்றாகின்றது. அங்ஙனம் நிற்கும் முதியோரைக் கவனமற்றவர் எனக் கடிந்துகொள்ளுதல் தகாது. அவர்தம் உள்ளே இருந்த படம் மங்குகின்றது என்று உணர்ந்து, மருத்துவரிடம் அழைத்துச் செல்லலும் கைபற்றி வழிகாட்டலுமே கற்றவர் கடமையாம்.